சும்மா உட்கார்ந்திருக்கும் செபம்

போன மாதம் ஒரு சாயங்காலம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். பூசைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என்னோடு அரசு வேலையில் சேர்ந்த பழைய நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தார். ஐம்பத்து மூன்று மணியையும் முடித்து மாலையைச் சட்டைப் பைக்குள் போட்டார். பூசை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டார்:

"நானும் பாக்கறேன், அரை மணி நேரமா உதட்டைக்கூட நீ அசைக்கல. கையில புத்தகமும் இல்ல, மாலையும் இல்ல. செபம் பண்றியா, தூங்கறியா?"

"ரெண்டுந்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவருக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லையே என்று இருந்தது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. வேலையில் இருந்த காலத்தில் யாருக்கும் நேரத்தில் பதில் கொடுத்தவன் இல்லை நான். இதுவும் ஒரு மாதம் தாமதம்தான்.

எனக்கு இப்போது 76 வயது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது ஐந்து வயது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படி இணைப்பு நடந்தபோது பதின்மூன்று. படித்ததெல்லாம் பிரெஞ்சில். கணக்கு வாய்ப்பாட்டைக்கூட பிரெஞ்சில்தான் மனப்பாடம் செய்தோம். இன்றைக்கும் மாத்திரைகளை எண்ணும்போது அன், தே, துருவா என்றுதான் வாயில் வருகிறது. தமிழை ஒழுங்காக எழுதக் கற்றது வேலைக்கு வந்த பிறகு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் முதலில் தெரிந்துகொண்ட மௌனம் தண்டனை. வாத்தியார் மேசையை ரூல்தடியால் தட்டி "சிலான்ஸ்!" என்பார். வகுப்பு அப்படியே அடங்கிவிடும். பேசியவன் 'நான் வகுப்பில் பேசமாட்டேன்' என்று நூறு தடவை எழுத வேண்டும். அந்த மௌனத்துக்குள் இருந்தது பயம் மட்டும்தான். வாய்தான் மூடியிருக்கும். மனசு வாத்தியாரைத் திட்டிக்கொண்டிருக்கும்.

இன்னொரு மௌனத்தையும் அதே வயதில் பார்த்திருக்கிறேன். பூசைக்கு உதவி செய்யும் பையனாக இருந்தேன். அப்போது பூசை லத்தீனில். எங்களுக்கு அர்த்தம் தெரியாத பதில்களைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுவோம். நடுவில் ஒரு கட்டம் வரும். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில், தனக்கு மட்டும் கேட்கும்படி மந்திரத்தைச் சொல்லுவார். கோயில் முழுக்க முழங்காலில் இருக்கும். யாரோ இருமுவது, வெளியே காக்கை கத்துவது, ரிக்‌ஷா மணி, இவை மட்டும் கேட்கும். அப்புறம் என் கையில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முந்தின அந்தச் சில நிமிடங்களில் எனக்குப் பயமே இருந்ததில்லை. ஏதோ ஒன்று வரப்போகிறது, எல்லோரும் சேர்ந்து அதற்காக இருக்கிறோம் என்று தோன்றும். பத்து வயதுப் பையனுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆயாவுக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரிந்தது. லத்தீன் திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தமிழோடு சேர்ந்து மைக்கும் வந்தது, ஸ்பீக்கரும் வந்தது. அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்கு நான் அந்த மாதிரி மௌனத்தைப் பார்க்கவில்லை.

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்று வேண்டாம். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள். பிறப்பு, கலியாணம், இறப்பு எல்லாம் தடித்த புத்தகங்களில், சாய்ந்த கையெழுத்தில் இருக்கும். நகல் கேட்டு ஜனங்கள் வருவார்கள். தேடி எடுத்து, எழுதி, மேலே அனுப்ப வேண்டும். என் நாற்காலிக்கு எதிரே தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்சு. அதில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள்.

1987-இல் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, இறந்துவிட்டார். விதவைப் பென்ஷனுக்கு அவருடைய பிறப்புப் பதிவின் நகல் வேண்டும். பதிவேட்டில் பெயர் பிரெஞ்சு உச்சரிப்பில் ஒரு மாதிரியும், மற்ற காகிதங்களில் வேறு மாதிரியும் இருந்தன. இது நம் ஊரில் சர்வசாதாரணம். வருஷம் தெரியும், ஊர் தெரியும். உட்கார்ந்து தேடினால் ஒரு மணி நேர வேலை. நான் ஒன்பது வாரம் இழுத்தேன்.

காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. லஞ்சம் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி என்னை நாலு பேர் முன்னால் பேசியிருந்தார். அவரிடம் காட்ட முடியாததைப் பெஞ்சில் இருக்கிறவர்களிடம் காட்டினேன். "நாளைக்கு வாங்க", "புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கு", "பேர் சரியா இல்ல". காக்க வைப்பது ஒன்றுதான் என்னிடம் இருந்த அதிகாரம்.

அந்த அம்மா வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. காலையில் வருவார், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். நான் தலையை நிமிர்த்தினால் என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதனால் நான் தலையை நிமிர்த்தாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் நகலைக் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இருங்க முசே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு கோபம், ஒரு முணுமுணுப்பு கிடையாது. அன்றைக்கே நான் அதை மறந்தும் போனேன்.

2009-இல் ஓய்வு பெற்றேன். இரண்டு வருஷம் கழித்துக் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவேரிக் கரையில் இருக்கும் சாந்திவனத்துக்குப் போனேன். பக்தியினால் போனேன் என்று சொன்னால் பொய். அதை ஆரம்பித்த இருவரும் பிரெஞ்சுக்காரர்கள், அவர்கள் எழுதியதைப் பிரெஞ்சிலேயே படித்திருந்தேன், இடத்தைப் பார்க்கும் ஆசை.

ழூல் மோன்ஷனேன் சாமியார் ஏற்கெனவே திருச்சி மறைமாவட்டத்தில் கிராமத்துப் பங்குகளில் வேலை செய்தவர். ஆன்றி லெ சோ பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த பெனடிக்ட் சபைத் துறவி, 1948-இல் இந்தியாவுக்கு வந்தார். இருவரும் சேர்ந்து 1950 மார்ச் 21-ஆம் தேதி அந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி உடுத்தி, குடிசையில் இருந்து, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, யாராவது சேர வருவார்கள் என்று காத்திருந்தார்கள். நிலைத்து நிற்க யாரும் வரவில்லை. மோன்ஷனேன் 1957-இல் வைத்தியத்துக்காகப் பாரிஸ் போய் அங்கேயே இறந்தார். லெ சோ, அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு திருவண்ணாமலைக் குகைகளில் மௌனத்தில் இருந்து பார்த்தார், பிறகு இமயமலைப் பக்கம் போனார், 1973-இல் இறந்தார். பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. 1968-இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கணக்குப் பார்க்கிற குமாஸ்தா புத்திக்கு, முதல் இருவரும் செய்தது நஷ்ட வியாபாரம். ஆனால் பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்தது அவர்கள் போட்ட பாயில்தான்.

அங்கே காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணி நேரம் மௌனம். முதல் நாள் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் முட்டி வலித்தது. அப்புறம் பென்ஷன் நிலுவை ஞாபகம் வந்தது, மகனுக்கு எழுத வேண்டிய கடிதம் ஞாபகம் வந்தது. கைக்கடிகாரத்தை ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். இரண்டாம் நாளும் அதேதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், இருபத்து நான்கு வருஷமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. மர பெஞ்சு. துணிப்பை. நான் நிமிராமல் வைத்திருந்த தலை. கடவுளைத் தேடி உட்கார்ந்தால் கடவுள் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தது அந்த அம்மா. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

ஊருக்கு வந்து பாவசங்கீர்த்தனம் செய்தேன். அந்தச் சாமியார் என் மகன் வயதுக்காரர். "அந்த அம்மாவைத் தேட முடியுமா?" என்று கேட்டார். இருபத்து நான்கு வருஷம் ஆகிவிட்டது, இருந்திருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். நான் விசாரித்துப் பார்த்துமிருந்தேன், தெரியவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே யாராவது உங்களைக் காக்க வெச்சா கோபப்படாம உட்காருங்க. அந்த நேரத்தை அந்த அம்மாவுக்காகக் கொடுங்க. அதுதான் அபராதம்" என்றார். பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். இது இன்றுவரை முடியவில்லை. வருஷாவருஷம் வாழ்வுச் சான்று கொடுக்கப் போகும்போதெல்லாம், நீண்ட வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்த இளைய சாமியாரை நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டது சாந்திவனத்திலும் இல்லை, வரிசையிலும் இல்லை. வீட்டில்தான்.

2018 நவம்பரில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. பேச்சுத்தான் போய்விட்டது. நாம் சொல்வது புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வார்த்தை மட்டும் வராது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க நினைத்து "சாவி" என்பாள். அது தவறு என்று அவளுக்கே தெரியும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நாற்பத்து மூன்று வருஷம் வீட்டில் என்னைவிட அதிகம் பேசியவள்.

அந்த நாட்களில் நான் செபம் செய்யாத நேரம் இல்லை. வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு வேண்டுதல், நவநாள், யார் எந்தச் செபத்தைக் கொடுத்தாலும் அது. எல்லாம் ஒரே மனுதான். விண்ணப்பம், நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல். ஒரு கட்டத்தில் எனக்கே வார்த்தை தீர்ந்துவிட்டது. அவளுக்கும் பேச்சு இல்லை, எனக்கும் செபம் இல்லை. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். முதல் வாரமே என்னைத்தான் திருத்தினார். "சார், அவங்க சொல்ல ஆரம்பிச்சதும் நீங்க முடிச்சு வைக்கிறீங்க. அப்படிச் செய்யாதீங்க. கேள்வி கேட்டா பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் அவங்க முகத்தைப் பாருங்க, வாயைத் திறக்காதீங்க."

பத்து எண்ணுவது எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? செய்து பார்த்தால்தான் தெரியும். "காப்பி வேணுமா, டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டு அன், தே, துருவா என்று மனசுக்குள் எண்ணுவேன். நாலு வருவதற்குள் "காப்பிதானே?" என்று வாய் முந்திக்கொள்ளும். அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்காகத்தான் பேசினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் முகத்தில் தெரிந்த அந்தத் தவிப்பை என்னால் தாங்க முடியவில்லை. என் அவஸ்தையை முடித்துக்கொள்ளத்தான் அவள் வார்த்தையைப் பிடுங்கினேன்.

பத்து வரைக்கும் போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. திருவருகைக் காலத்தின் கடைசி வாரம் அது. அன்று காலையில் கேள்வி கேட்டுவிட்டு எண்ணினேன். பத்தைத் தாண்டிவிட்டேன். எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "காப்பி" என்றாள்.

ஒரு வார்த்தைதான். ஆனால் அது அவளுடைய வார்த்தை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்கத் தெரியாத அந்த நாட்களிலேயே, சாயங்காலம் நான் செபமாலையை ஆரம்பித்தால் அவளும் கூடவே தடங்கல் இல்லாமல் சொல்லுவாள். முழு மந்திரமும் வரும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்த செபமும், பாட்டும், எண்களும் இப்படிப் பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் அப்படியே மிச்சம் இருக்கும் என்று அந்தப் பெண் விளக்கினார். ஆகவே, மௌனச் செபம் உயர்ந்தது, வாய்ச் செபம் தாழ்ந்தது என்று நான் சொல்வதாக நண்பர் நினைத்துவிடக் கூடாது. என் மனைவிக்கு எல்லாம் போன பிறகும் கையில் நின்றது ஆயா சொல்லிக்கொடுத்த அந்த மந்திரங்கள்தான். மாலையை விடாதீர்கள். மாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

பிரெஞ்சில் மௌனமாக இருப்பதை 'கார்தே லெ சிலான்ஸ்' என்பார்கள். கார்தே என்றால் காவல் காப்பது. தமிழிலும் 'மௌனம் காத்தான்' என்றுதான் சொல்கிறோம். இரண்டு மொழிக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டும் மௌனத்தைக் காவல் காக்க வேண்டிய பொருளாகத்தான் பார்த்திருக்கின்றன. தமிழ் ஒரு படி மேலே போகிறது. 'காத்திரு' என்ற சொல்லிலும் அதே 'கா'தான். காவல் காத்துக்கொண்டு இரு. விடியலுக்காகக் காத்திருக்கும் காவல்காரனைப் பற்றிச் சங்கீதத்தில் வருகிறதே, அவன் விடியலைக் கொண்டுவருவதில்லை. சீக்கிரம் விடி என்று சூரியனை அதட்டவும் முடியாது. தூங்காமல் இருப்பது ஒன்றுதான் அவன் வேலை.

தூங்காமல் என்று எழுதிவிட்டேன். என் வயதில் அதுவே பெரிய காரியம். நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், சில நாள் தூங்கிவிடுகிறேன். குழந்தை தெரேசம்மாளே செபத்தில் தூங்கிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் 24 வயதில் இறந்தவர், எனக்கு 76. அவிலா தெரேசம்மாள் செபத்தைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதியவர். அவரே பல வருஷங்கள், செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, சாந்திவனத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெரிய ஆறுதல்.

எலியா இறைவாக்கினரின் கதையும் அப்படித்தான். மலைமேல் சூறாவளி, நிலநடுக்கம், நெருப்பு, எதிலும் ஆண்டவர் இல்லை, பிறகு ஒரு மெல்லிய ஒலி என்று எல்லாப் பிரசங்கத்திலும் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. செத்தால் போதும் என்று செடிக்கு அடியில் படுத்துத் தூங்கினார். வானதூதர் எழுப்பி ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். மெல்லிய ஒலி கேட்பதற்கு முன் இரண்டு சாப்பாடு, இரண்டு தூக்கம். களைத்தவனை ஆண்டவர் அதட்டவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. காலையில் இருபது நிமிடம், மாலையில் முடிந்தால் இருபது நிமிடம். தரையில் உட்கார முட்டி இடம் கொடுக்காது, கை இல்லாத மர நாற்காலி. முதுகு நேராக இருந்தால் தூக்கம் கொஞ்சம் குறையும். செல்போன் அடுத்த அறையில். ஒரே ஒரு சொல்லை மெதுவாக மனசுக்குள் சொல்லுவேன். ஜான் மெய்ன் என்ற பெனடிக்ட் சபைத் துறவி 'மரனாத்தா' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். ஆண்டவரே வாரும் என்று பொருள்படும் அரமேயச் சொல், பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் வருகிறது. நான் 'இயேசுவே' என்று மட்டும் சொல்கிறேன். மனசு ஓடும். மின்சாரக் கட்டணம், மருமகள் சொன்ன சொல், பக்கத்து வீட்டு நாய். ஓடியது தெரிந்ததும் திரும்ப அந்தச் சொல்லுக்கு வரவேண்டும். மனசோடு சண்டை வேண்டாம். இருபது நிமிடத்தில் நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை திரும்பி வந்திருக்கிறோம் என்று கணக்கு.

என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் கிடைப்பதில்லை. ஒளியும் இல்லை, குரலும் இல்லை. சில நாள் பழைய பாவம் வரும். சில நாள் அழுகை வரும். துக்கம் தாங்க முடியாமல் இருக்கிறவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், யாரிடமாவது பேசுங்கள், அது முதலில். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பதற்கும் இதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. நான் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் குனிந்திருந்தேனே, அதுவும் வாய் மூடிய நிலைதான். அதை மௌனம் என்று சொல்ல மாட்டேன்.

ஆர்ஸ் ஊரின் பங்குக்குரு புனித ஜான் மரிய வியான்னியின் கோயிலில் ஒரு விவசாயி தினமும் வந்து நற்கருணைப் பேழைக்கு முன் சும்மா உட்கார்ந்திருப்பானாம். என்ன செபம் செய்கிறாய் என்று கேட்டதற்கு, நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார் என்ற மாதிரி பதில் சொன்னானாம். பள்ளிக்கூடத்தில் கேட்ட கதை. அந்த வயதில் அது படிக்காதவன் பேச்சு என்று நினைத்தேன்.

ரொம்ப காலம் என் மனசில் இருந்த படம் வேறு. கடவுள் பெரிய அதிகாரி, நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனுதாரர். என் கோப்பு எப்போது நகரும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவிக்குப் பேச்சு போனபோது, நான் அந்த அம்மாவைக் காக்க வைத்ததற்கு ஆண்டவர் இப்போது என்னைக் காக்க வைக்கிறார், கணக்குத் தீர்க்கிறார் என்றுகூட நினைத்தேன். ஒரு குமாஸ்தாவுக்குக் கடவுளும் குமாஸ்தாவாகத்தான் தெரிவார்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. திருவெளிப்பாட்டில் ஆண்டவர் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருப்பதாக வருகிறது. உடைத்துக்கொண்டு உள்ளே வருவதாக இல்லை. அப்படியானால் பெஞ்சில் இருப்பவர் யார்? துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல், நான் தலையை நிமிர்த்தினால் பார்ப்பதற்குத் தயாராக இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். நாற்காலியில் குனிந்துகொண்டு வேலை இருப்பதுபோல் காகிதத்தைப் புரட்டுகிறவன் நான். மனு மேல் மனுவாக நான் சொன்ன செபங்களில் சிலகூட அந்தக் காகிதம் புரட்டல்தானோ என்னவோ.

ஆகவே நண்பரே, அரை மணி நேரம் உதட்டை அசைக்காமல் என்ன செய்கிறேன் என்று கேட்டாயே. தலையை நிமிர்த்தப் பார்க்கிறேன். அவ்வளவுதான். சில நாள் முடிகிறது. சில நாள் தூங்கிவிடுகிறேன்.

என் மனைவி இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள். நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் நின்றுவிடும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். "என்னங்க..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"...காப்பி ஆறுது" என்றாள்.